கண்டனான்

பராசக்தியை வானொலிக்குக் கூப்பிட்டது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குக் கடதாசி வராத காலம் அது. அவளுடைய முதல் நாவலான 'சாக்குத் துணி'யைப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அச்சடித்திருந்தார்கள். எழுத்தும் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். ஆனாலும் வாங்கியவர்கள் வாசித்தார்கள். வாசித்தவர்கள் இரவல் கொடுத்தார்கள். ஊருக்குள் இந்திய ஆமி நின்ற எண்பத்தெட்டில் நடந்த ஒரு சுற்றிவளைப்பைப் பற்றிய கதை அது. முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் வரிசையாய் இருத்தப்பட்ட இளைஞர்களுக்கு முன்னால் நின்று தலையாட்டுகிறான். அவன் ஆருக்குத் தலையாட்டினானோ அவனை ஆமி கொண்டுபோகிறது. பராசக்தியின் அண்ணன் தவநேசனை அப்படித்தான் சண்டிலிப்பாய்க் கோயில் வீதியிலிருந்து கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

வானொலி நிலையம் என்றது கொக்குவிலில் மதில் கட்டிய ஒரு பழைய வீடு. சொந்தக்காரர்கள் கனடாவுக்குப் போய்விட, அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்ட இயக்கம் எடுத்திருந்தது. உள்ளறைச் சுவரில் பழைய பஞ்சு மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள், வெளிச் சத்தம் வராமலிருக்க. அப்படியும் வீதியில் போகும் லான்ட்மாஸ்ரர் உழவு வண்டி ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவை நிறுத்தியது.

'புதுப் பேனா' நிகழ்ச்சியை நடத்தியவர் அடைக்கலநாதன். குருநகர்க்காரர். கொழும்பில் வானொலி வேலை பார்த்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்தவர். முதற் கவிதைத் தொகுதி போட்டவன், முதல் நாவல் எழுதினவள் என்று வாரம் ஒருவரைக் கூப்பிட்டுக் கதைப்பார். நல்ல குரல். கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாக இருப்பார். எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனத்தை எதையாவது சொல்லி நிரப்பவேண்டும் போலிருக்கும்.

"எழுத ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. அண்ணையைத் தேடி அம்மாவோடை காம்ப் காம்பா அலைஞ்சனான். வாசலிலை இருக்கேக்கை செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. மனதுக்குள்ளை வசனம் வசனமா அடுக்கிக்கொண்டிருப்பன். வீட்டை வந்து எழுதுவன்."

"அழுகை வராதோ?"

"எழுதேக்கை வராது. திருத்தேக்கைதான் வரும்."

அடைக்கலநாதன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெம்பு தந்தது. அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை. ஒரு அத்தியாயத்தை எத்தனையோ தரம் கிழித்ததையும், அச்சுக்கூடத்தில் 'ற'கர எழுத்து முடிந்துபோய்ச் சொற்களையே மாற்றி எழுதியதையும் சொன்னாள். அடைக்கலநாதன் புத்தகத்தை விரித்து ஒரு பந்தியை வாசித்தார்:

"சாக்குக்குள் நின்றவனுக்கு முகம் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவள் கீழே பார்த்தாள். வெறுங்கால். இடது காலின் இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. அந்தக் காலை அவள் சின்ன வயதிலிருந்தே அறிவாள்."

வாசித்துவிட்டு அவர் புத்தகத்தை மூடினார். "எனக்கு மேலெல்லாம் புல்லரிச்ச இடம் இது. ஒண்டு கேக்கிறன், பராசக்தி. இந்தக் காலை நீங்கள் கண்டனீங்களோ?"

கேட்டுவிட்டு வழக்கம்போலப் பேசாமலிருந்தார்.

சுற்றிவளைப்பு நடந்த அன்று பெண்களை வீட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. பராசக்தி குசினி அடுப்படியில் தனியே ஒளிந்திருந்தாள். கோயில் வீதியில் நடந்த ஒன்றையும் அவள் காணவில்லை. கால் மட்டும் உண்மையான கால். அது புகையிலைக்கார இராசநாயகத்தாருடையது. அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எல்லை வேலிக் கதியால் கம்புகளைத் தன் காணிக்குள் தள்ளி நட்டதாகச் சொல்லி அவர் வாசற் படலையில் வந்து நின்று அவளுடைய அப்பாவைத் தாறுமாறாகப் பேசினார். அவள் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். கிடுகு வேலிக்குக் கீழே தெரிந்தது அந்தக் கால் மட்டும்தான், ஏறின விரலோடு. சாக்கு மனிதனுக்கு ஒரு கால் தேவைப்பட்டபோது அதுதான் வந்தது. வந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்ததும் உண்மை.

இதையெல்லாம் ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? 'இல்லை, இட்டுக்கட்டினது' என்று சொன்னால் இவ்வளவு நேரமும் புல்லரித்திருந்த அந்த முகம் என்னவாகும்?

"கண்டனான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட நிகழ்ச்சி ஒலிபரப்பானது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பக்கத்து வளவுக்காரர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இணைத்திருந்தார். முற்றத்தில் அயலட்டைச் சனம் கூடியிருந்தது. சுற்றுகிற கை களைத்தால் குரல் இழுபடும். அடுத்தவர் வந்து பிடிப்பார். பராசக்திக்குத் தன் குரல் வேறு ஆருடையதோ போல இருந்தது.

"கண்டனான்" என்று அந்தக் குரல் சொன்னதும் பெடல் சுற்றியவர் கையை விட்டுவிட்டார். ரேடியோ ஓய்ந்தது.

அம்மா சின்னத்தங்கம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கண்டனியே?"

பராசக்தி ஓய்ந்துபோன ரேடியோவைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் எனக்கு ஏன் சொல்லேல்லை, பிள்ளை? பெத்தவளுக்குச் சொல்லாமல் ரேடியோக்காரனுக்கோ சொன்னனி?"

பின்னால் இருந்த யாரோ மெதுவாகக் கேட்டது முற்றம் முழுக்கக் கேட்டது: "இரண்டாம் விரல் ஏறின கால் இந்த ஊரிலை ஆருக்கு?"

எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் செருப்பில்லாமல் நடக்கிற மனிதர் இராசநாயகத்தார். அவருடைய காலை ஊரே கண்டிருக்கிறது. புத்தகத்தை வாசித்தவர்கள் அதுவரை அதைக் கதையாகத்தான் வாசித்திருந்தார்கள். ரேடியோவில் கேட்ட பிறகு அது கதையாக இல்லை.

இராசநாயகத்தாருக்கு ஊரில் நல்ல பேர் இல்லை. கறார்க்காரர். கூலிக்கு வந்தவர்களோடு வாய்ச்சண்டை பிடிப்பார். கோயில் கூட்டத்தில் எழும்பினால் இருக்கமாட்டார். அவருக்காகப் பேச ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த கிழமைக்குள் அவர் நடந்துபோகும்போது சனம் அவருடைய முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கத் தொடங்கியது. அவர் ஒருநாள் கடையடியில் நின்று கத்தினாராம்: "என்னடா என்ரை காலிலை பார்க்கிறியள்? சீழ் வடியுதோ?" அவருக்கு ரேடியோ கேட்கிற பழக்கம் இல்லை.

இயக்கப் பெடியள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே நின்றவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரணை என்றார்கள். கால் கழுவ விடச் சொல்லிக் கேட்டாராம், விடவில்லை.

அன்று மத்தியானமே அவருடைய மனைவி பூரணம் பராசக்தி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இரு வீட்டுக்கும் இடையில் வேலிச் சண்டைக்குப் பிறகு போக்குவரத்து இல்லை. பூரணம் முற்றத்தில் நின்றாளே தவிர விறாந்தையில் ஏறவில்லை.

"ஒரு முழ நிலத்துக்காகவோடி இவ்வளவும்?"

"இல்லை மாமி…"

"மாமி எண்டு சொல்லாதை. நீ எழுதின புத்தகத்தை நான் வாசிக்கேல்லை. எனக்கு வாசிக்கவும் தெரியாது. நீ ரேடியோவிலை சொன்னதைச் சனம் சொல்லி இண்டைக்குத்தான் கேட்டனான். கண்டனான் எண்டு சொன்னாய். எங்கை கண்டனி? எந்த இடத்திலை நிண்டு கண்டனி? சொல்லு பார்ப்பம்."

சின்னத்தங்கமும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூரணம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனாள். அந்தக் கேட்காமையைத் தாங்கமுடியாமல் பராசக்தி சைக்கிளை எடுத்தாள்.

இயக்கத்தின் அலுவலகம் சந்திக்கு அப்பால் ஒரு மேல்மாடி வீடு. பொறுப்பாளர் அவளைவிட வயதில் குறைந்தவர். எழும்பி, இருக்கச் சொல்லிக் கதிரை காட்டினார். மேசையில் 'சாக்குத் துணி' கிடந்தது.

"அக்கா, அருமையான புத்தகம். எங்கடை ஆக்கள் எல்லாரையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறன்."

"தம்பி, அது கதை. அந்தக் காலை நான் இட்டுக்கட்டி எழுதினது. அண்டைக்கு நான் வீட்டுக்குள்ளை இருந்தனான். ஒண்டும் காணேல்லை."

"ரேடியோவிலை கண்டனான் எண்டு சொன்னியள்."

"சொன்னது பிழை. அவர் கேட்ட உடனை வாயிலை வந்திட்டுது."

பொறுப்பாளர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அப்ப புத்தகத்திலை எழுதினது பொய், ரேடியோவிலை சொன்னதும் பொய், இப்ப எனக்குச் சொல்லுறது மட்டும் உண்மை. அப்பிடித்தானே?"

"ஓம்."

"அந்தாளின்ரை மனிசி உங்கடை வீட்டை வந்ததாக் கேள்விப்பட்டன். உங்களை வெருட்டினவவோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. தேவையெண்டால் அவவையும் கூப்பிட்டு விசாரிக்கலாம்."

இனித் தான் வாய் திறந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த வீட்டுக்குப் போய்த்தான் முடியும் என்று தெரிந்தது.

"இல்லை. ஒருத்தரும் வெருட்டேல்லை. அவவை ஒண்டும் கேட்காதேங்கோ."

"சரி அக்கா. நீங்கள் எழுதுற வேலையைப் பாருங்கோ. எங்களுக்கு உங்கடை புத்தகம் மட்டும் இல்லை, வேறை தகவலும் இருக்கு."

வேறு தகவல் உண்மையிலேயே இருந்ததா, அவளை அனுப்பிவிடச் சொன்னதா என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியவரவில்லை.

அங்கிருந்து நேரே கொக்குவிலுக்குப் போனாள். அடைக்கலநாதன் ஒலிநாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். முடித்ததும் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"இன்னொருக்கால் என்னைக் கதைக்க விடுங்கோ, அண்ணை. நான் காணேல்லை எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்."

"இரும்."

அவர் ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பினார். இம்முறை கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவள் தானாகவே சொன்னாள்: குசினியில் இருந்ததை, வேலிக்குக் கீழே கண்ட காலை, அப்பாவை ஏசின கோபத்தில் அந்தக் காலைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சாக்குக்குக் கீழே வைத்ததை. சொல்லச் சொல்ல, அவள் எழுதியவற்றையெல்லாம்விட இது நன்றாக இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் தோன்றியது. தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"அப்பிடியே வெள்ளிக்கிழமை போடச் சொல்லி எழுதிக் குடுக்கிறன்" என்றார் அடைக்கலநாதன். "ஆனா எல்லாத்தையும் மேலை கேட்டுப்போட்டுத்தான் விடுவினம். அது உமக்குத் தெரியும்தானே."

வெள்ளிக்கிழமை அளவெட்டியைச் சேர்ந்த இளங்கவிஞன் ஒருவன் மழையைப் பற்றிக் கவிதை வாசித்தான். அதற்கடுத்த வெள்ளியும் வேறு ஒருவர். மூன்றாவது வெள்ளி பராசக்தி மானிப்பாயிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. ஒரு வேலிக்குப் பின்னால் தன் குரல் கேட்டது. நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க மறு ஒலிபரப்பு. முதற் பேட்டி. சைக்கிளை மிதித்தாள். அந்த வீட்டைக் கடக்க அடுத்த வீட்டில் அதே குரல் தொடர்ந்தது. எழுதேக்கை வராது, திருத்தேக்கைதான் வரும். அடைக்கலநாதனின் சிரிப்பு. ஒழுங்கை முழுக்க ஒவ்வொரு வளவுக்குள்ளும் ஆரோ பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இராசநாயகத்தார் வீட்டில் மட்டும் ரேடியோ இல்லை, விளக்கும் இல்லை. "கண்டனான்" என்ற சொல் வரும்போது அவள் அந்தப் படலையைத்தான் கடந்துகொண்டிருந்தாள்.

அடைக்கலநாதன் மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டார் என்றும், விட்டாரோ விடச் சொன்னார்களோ தெரியாது என்றும் பிறகு கேள்விப்பட்டாள். கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய்விட்டாராம்.

தை பிறந்த பிறகு இராசநாயகத்தாரை விட்டார்கள். ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிட, அங்கிருந்து வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாராம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னார்களாம். சனம் இப்போது அவருடைய காலையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

பராசக்தி போனாள். போகாமலிருக்க முடியவில்லை. பூரணம் படலையை மறித்தாள். "இனியும் என்னத்துக்கு வந்தனி? மிச்சம் எழுதவோ?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "விடு. வரட்டும்."

அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார். வலது கை விரல்கள் மடங்காமல் நீட்டியபடி கிடந்தன. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. கால்களை உடுத்திருந்த சாரத்தால் மூடியிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் பராசக்தி.

"மன்னிப்பு கிடக்கட்டும். ஒண்டு கேக்கிறன். சாக்குக்காரனைப் பற்றிப் புத்தகம் எழுதினியே, அண்டைக்குக் கோயில் வீதியிலை இருந்த ஒரு ஆம்பிளையிட்டையாவது போய் என்ன நடந்தது எண்டு கேட்டனியோ?"

அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

"என்னையும் அண்டைக்குத் தோட்டத்திலை வைச்சுப் பிடிச்சவங்கள். வரிசையிலை உன்ரை கொண்ணனுக்குப் பின்னாலை நான். வெய்யிலுக்கை குந்த வைச்சிருந்தவங்கள். சாக்குக்காரன் என்னட்டையும் வந்தவன். நானும் காலைத்தான் பார்த்தனான். முகம் தெரியாட்டி வேறை எதைப் பார்க்கிறது? சப்பாத்து. கறுத்தச் சப்பாத்து, லேஸ் கட்டேல்லை. வெறுங்கால் இல்லை." அவர் நிறுத்தி மூச்செடுத்தார். "இதை அவங்களுக்கும் சொன்னனான். அடிக்க அடிக்கச் சொன்னனான். எழுத்தாளர் கண்டவ, வெறுங்கால் எண்டு ரேடியோவிலை சொல்லியிருக்கிறா, நீ ஆரடா சப்பாத்து எண்டு சொல்ல எண்டு கேட்டாங்கள்."

பராசக்தி அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அண்ணை… அண்ணை போகேக்கை ஏதும் சொன்னவரோ?"

"சொன்னவன்."

"என்ன சொன்னவர்?"

"எழும்பேக்கை திரும்பி எனக்குத்தான் சொன்னவன். வேலிச் சண்டைக்காரன் எண்டு பார்க்காமல் சொன்னவன். நான்தான் பார்த்தன். உன்ரை கொப்பரோடை எனக்குக் கதை பேச்சில்லை. ஒருக்கால் சொல்லுவம் எண்டு உங்கடை படலை மட்டும் வந்து திரும்பிப் போனனான். பிறகு கொப்பரும் செத்துப்போனார். எனக்கு இந்த அடி கிடைச்சது அதுக்குத்தானோ தெரியாது."

"எனக்குச் சொல்லுங்கோ."

"உனக்குச் சொல்லமாட்டன். கொம்மாவை வரச்சொல்லு."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னாள். தான் ஒன்றும் காணவில்லை என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னாள். சின்னத்தங்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நடுவில் நின்றது. மகள் பொய் சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுளகை வைத்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு, அப்படியே இறங்கி நடந்தாள். பராசக்தி பின்னால் போனாள்.

பூரணம் படலையில் நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூரணம் விலகி வழிவிட்டாள். பராசக்தி உள்ளே காலெடுத்து வைக்கமுன் பூரணம் படலையைச் சாத்திக் கொளுக்கியை மாட்டினாள்.

வேலிக்கு வெளியே நின்றாள் பராசக்தி. உள்ளே இராசநாயகத்தாரின் தாழ்ந்த குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒருமுறை இருமினார். பிறகு அம்மா ஏதோ கேட்டாள். அதற்குப் பிறகு அம்மாவின் அழுகை. அண்ணனைக் கொண்டுபோன நாளில்கூட அம்மா அப்படி அழுது அவள் கேட்டதில்லை.

சின்னத்தங்கம் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. ஒழுங்கையில் இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். வீட்டுப் படலையில் பராசக்தியால் பொறுக்கமுடியவில்லை.

"அண்ணை என்ன சொன்னவராம், அம்மா?"

"உனக்கேன் அது?"

"அம்மா…"

"அது எனக்கெண்டு அவன் சொல்லிவிட்டது" என்றாள் சின்னத்தங்கம். உள்ளே போய்ச் சுளகை எடுத்து விட்ட இடத்திலிருந்து புடைக்கத் தொடங்கினாள்.

இராசநாயகத்தார் பங்குனி முடியமுன் இறந்தார். செத்தவீட்டுக்கு ஊர்ச்சனம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்தது. சின்னத்தங்கம் விடியவே போய்ப் பூரணத்தைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னாள். பிரேதம் எடுக்கும்வரை பக்கத்தை விட்டு எழும்பவில்லை. பராசக்தி வீட்டிலேயே இருந்தாள். அச்சுக்கூடக்காரர் இரண்டாம் பதிப்புப் போட ஆள்விட்டபோது வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். அவர்கள் அவளைக் கேட்காமலே போட்டார்கள். அட்டையில் 'வானொலிப் புகழ்' என்று அச்சாகியிருந்தது.